டாங்கியில் ஏறிய மழலை

ஜனவரித் திங்களின் இரண்டாம் சனிக்கிழமை. தாய்லாந்து நாட்டில் அது குழந்தைகள் நாள். அன்று படைமுகாம்களின் வாயில்கள் அகலத் திறக்கப்படுகின்றன. தந்தையின் தோளில் அமர்ந்து வருகிறான் சிறுவன்; தாயின் விரல் பற்றித் துள்ளி வருகிறாள் சிறுமி. வேடிக்கை உண்டு, விளையாட்டு உண்டு, தின்பண்டம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, டாங்கியின் மேல் ஏறி அமரும் வாய்ப்பு உண்டு! துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்கும் பேறு உண்டு! புகைப்படம் எடுக்கிறார் தந்தை. பூரித்து நிற்கிறாள் தாய். பல் தெரியச் சிரிக்கிறான் படைவீரன்.

படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த டாங்கியின் உடன்பிறப்புகள் தலைநகரின் தெருக்களுக்கு எத்தனை முறை வந்தன, வந்தபோதெல்லாம் எவரை நோக்கிக் குழலைத் திருப்பின என்பதை அந்தக் குழந்தைக்கு எவரும் சொல்வதில்லை. சொல்லாமல் விடுவதற்காகவே அந்தத் திருநாள்!

நான் பள்ளி ஆசிரியன். மழலையின் கையிலே எதைக் கொடுக்கிறோம், மனத்திலே எதை எழுதுகிறோம் என்பது எனக்குத் தொழிற்கவலை. படையாட்சி என்றதும் நம் கண்முன் தோன்றுவது என்ன? நள்ளிரவு, வளைக்கப்பட்ட வானொலி நிலையம், விடிந்ததும் ஒரு தளபதியின் அறிக்கை. தாய்லாந்து தரும் பாடம் வேறு. அங்கே டாங்கி தெருவுக்கு வருவது கதையின் கடைசி ஏடு. முதல் ஏடுகள் பள்ளி முற்றத்திலும், ரயிலடியிலும், முடிதிருத்தும் நிலையத்திலும், தொலைக்காட்சிப் பெட்டியிலும் எழுதப்படுகின்றன. மெல்ல மெல்ல எழுதப்படுவதால் எவருக்கும் அச்சம் எழுவதில்லை, பழகிப்போகிறது. பழகிப்போவதுதான் ஆபத்து!

இந்தப் பழக்கம் எங்ஙனம் தொடங்கிற்று? வியப்பான செய்தி யாதெனில், அது விடுதலையில் தொடங்கிற்று.

1932 ஜூன் 24. பாங்காக் நகரின் விடியற்காலை. 1782 முதல் ஆண்டுவந்த சக்ரி மரபின் முழுமுடியாட்சி அன்று முடிவுற்றது. முடித்தவர்கள் ‘மக்கள் கட்சி’யினர். 1927 இல் பாரிசிலே எழுவர் கூடித் தொடங்கிய இயக்கம் அது. அவர்களிலே இருவரை நாம் நினைவில் நிறுத்த வேண்டும். ஒருவர் பிரீடி பனோம்யோங், சட்டம் பயின்றவர். மற்றவர் பிபூன் சொங்கிராம். பீரங்கிப் பயிற்சி பெற்றவர். ஒருவர் ஏடு ஏந்தியவர். மற்றவர் வெடிகுண்டு ஏந்தியவர். இருவரும் சேர்ந்தே அரசரைச் சட்டத்துக்கு உட்படுத்தினர். அரண்மனைச் சதுக்கத்திலே அந்த விடியலின் நினைவாகப் பித்தளைத் தகடொன்று பதிக்கப்பட்டது.

மறு ஆண்டே சோதனை. நிலத்தையும் தொழிலையும் பொதுநலனுக்காகத் திட்டமிட வேண்டுமென்று பிரீடி பொருளாதாரத் திட்டம் ஒன்றை வரைந்தார். ‘பொதுவுடைமைக்காரன்!’ என்று கூச்சலிட்டனர் பழமையாளர். நாடாளுமன்றம் மூடப்பட்டது. 1933 ஜூனில் அதைத் திறந்து வைத்தது யார்? படை! அதே ஆண்டு அக்டோபரில், இளவரசர் பொவரதேச் தலைமையில் முடியாட்சியினர் கலகம் செய்தனர். அதை அடக்கியது யார்? அதுவும் படை!

உண்மையை மறைப்பது பகுத்தறிவாளனுக்கு அழகன்று. ‘மக்களாட்சியின் காவலன்’ என்ற பட்டம் தாய்லாந்துப் படைக்கு அன்று நியாயமாகவே கிடைத்தது. ஆனால் வீட்டைக் காத்த காவற்காரன் கூலியைப் பெற்றுக்கொண்டு வாயிலிலே நிற்கவேண்டும். இவனோ கூடத்திற்கு வந்தான். பின்னர் அடுக்களைக்கு வந்தான். முடிவிலே வீட்டுக்காரனைத் திண்ணைக்கு அனுப்பினான். காத்தவன் என்ற நன்றியுணர்வே கட்டிப்போடும் கயிறாயிற்று!

பாங்காக்கிலே இன்றும் நிற்கிறது மக்களாட்சி நினைவுச் சின்னம். 1940 இல் பிபூன் ஆட்சியில் திறக்கப்பட்டது. நான்கு சிறகுகள், ஒவ்வொன்றும் 24 மீட்டர் உயரம், ஜூன் 24 இன் அடையாளமாக. சுற்றிலும் பதிக்கப்பட்ட 75 பீரங்கிகள், அந்நாட்டுக் கணக்குப்படி புரட்சி நடந்த 2475 ஆம் ஆண்டின் நினைவாக. அடிப்பகுதிச் சிற்பங்களிலே போரிட்டு மக்களாட்சியைக் கொணர்வோராகக் காட்சி தருபவர்கள் படைவீரர்கள். மக்களாட்சிக்கு எழுப்பிய மண்டபத்துக்கு எல்லைக்கல் பீரங்கி! இதைவிடத் தெளிவாக ஒரு நாட்டின் வரலாற்றைக் கல்லிலே எழுத இயலுமோ?

1938 இல் தலைமை அமைச்சரான பிபூன், மக்களைத் திருத்தப் புறப்பட்டார். 1939 முதல் 1942 வரை பன்னிரண்டு பண்பாட்டு ஆணைகள் பிறந்தன. ‘சயாம்’ என்ற பெயர் ‘தாய்லாந்து’ ஆயிற்று. உரிமையுடையோர் நாடு என்று அதற்குப் பொருள் கூறினர். அந்த உரிமையுடையோர் என்ன உடுத்தவேண்டும், எப்படி உண்ணவேண்டும், எத்தனை மணி நேரம் உறங்கவேண்டும் என்பதற்கும் ஆணை! வெற்றிலைக்குத் தடை, தொப்பிக்குக் கட்டளை! கொடிக்கும் நாட்டுப் பண்ணுக்கும் எழுந்து நிற்பது கடமை. இன்றும் காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ரயிலடியிலும் பூங்காவிலும் பண் ஒலிக்கிறது, நடப்போர் நிற்கின்றனர், அமர்ந்தோர் எழுகின்றனர். நாட்டுப் பற்று தவறன்று. ஆனால் கட்டளைக்கு ஒரே நொடியில் உறையும் கூட்டம் அணிவகுப்பு மைதானத்துக்கு உரியது, ஊருக்கு உரியதன்று.

அதே பிபூன் 1941 டிசம்பரில் ஜப்பானோடு கைகோத்தார். அதன் விளைவு நம் தமிழினத்தின் நெஞ்சிலும் தழும்பாக நிற்கிறது. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியப் படை அமைத்த மரண ரயில்பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் ஆயிரமாயிரமாய் மடிந்தனர். காஞ்சனபுரிக் காட்டிலே அவர்கட்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை. தளபதிகளின் கூட்டணிக்கு ஏழையின் எலும்பே அடித்தளம்!

பிபூன் வீழ்ந்தார், போர் முடிந்தது, பிரீடி எழுந்தார். நீடித்ததா? 1947 நவம்பரில் மீண்டும் படை பாய்ந்தது. பிரீடி நாட்டைவிட்டு ஓடினார். 1983 இல் பிரான்சு மண்ணிலேயே மறைந்தார். ஏடு ஏந்தியவருக்கு அயல்நாடு. குண்டு ஏந்தியவருக்கு அரியணை! குண்டுக்காரர்களாவது ஒற்றுமையாக இருந்தனரா? 1951 ஜூனில், ‘மன்ஹாட்டன்’ என்னும் தூர்வாரும் கப்பலைப் பெற்றுக்கொள்ளும் விழாவிலேயே பிபூனைக் கடற்படையினர் கடத்திப் போர்க்கப்பலில் அடைத்தனர். விமானப்படையோ அவர் உள்ளே இருக்கும்போதே அந்தக் கப்பலின் மீது குண்டு பொழிந்தது! தலைமை அமைச்சர் ஆற்றில் நீந்திக் கரையேறினார். கேலிக்கூத்து என்று நகைக்கலாம். அந்தக் கேலிக்கூத்திலே வாக்குச்சீட்டுக்கு ஒரு வேடமும் இல்லை என்பதை எண்ணினால் நகைப்பு அடங்கும்.

1957 இல் பிபூனை வீழ்த்தி, 1958 இல் முழு அதிகாரத்தையும் பறித்துக்கொண்டவர் சரித் தனரத். படையாட்சியை வாழ்க்கை முறையாக வார்த்தெடுத்தவர் இவர். பிபூன் அரண்மனையை ஒதுக்கினார்; சரித் அதை உயர்த்தினார். காரணம் பக்தியா? கணக்கு! வாக்குப் பெறாதவனுக்கு வேறொரு வழியில் புனிதம் தேவை. நாடு, மதம், மன்னர் என்ற முப்பெரும் முழக்கத்தின் நிழலிலே துப்பாக்கி அமர்ந்துகொண்டது. 1960 இல், ஜூன் 24 நாட்டு விழா என்ற தகுதியை இழந்தது. மன்னர் பிறந்த நாளான டிசம்பர் 5 அந்த இடத்தைப் பெற்றது. மக்கள் பிறந்த நாள் மறைந்தது. மன்னர் பிறந்த நாள் மலர்ந்தது!

1959 இன் இடைக்கால அரசியல் சட்டத்திலே பதினேழாம் பிரிவு என்று ஒன்று. வழக்குமன்றம் வேண்டாம், வழக்கறிஞர் வேண்டாம். தலைமை அமைச்சர் ஆணையிட்டால் உயிர் போகும். அப்படிப் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒழுக்கத்தை நிலைநாட்ட வந்ததாகச் சொன்ன சரித் 1963 டிசம்பரில் இறந்தபோது, சொத்துத் தகராறிலே அவர் குவித்த பெருஞ்செல்வமும் அவர் வைத்திருந்த ஆசைநாயகியர் வரிசையும் வெளிச்சத்துக்கு வந்தன. அந்தச் சொத்தைப் பறிமுதல் செய்ய அவருடைய வாரிசான தனோம் பயன்படுத்திய சட்டம் எது தெரியுமா? அதே பதினேழாம் பிரிவு! சட்டத்தைக் கொன்றவனின் பிணத்தின் மீதே அந்தக் கத்தி பாய்ந்தது.

அந்த ஆண்டுகளிலேதான் படை கடை விரித்தது. 1956 இல் தொடங்கிய லும்பினிக் குத்துச்சண்டை அரங்கம் படையின் கையில். 1957 இல் படையினருக்கென ஒரு வங்கி. 1958 இல் ஐந்தாம் அலைவரிசைத் தொலைக்காட்சி படையின் உடைமை. வானொலி நிலையங்கள் நூற்றுக்கு மேல் படைப்பிரிவுகளின் வசம். செய்தி கேட்டாலும் படை. பாட்டுக் கேட்டாலும் படை. குத்துச்சண்டை பார்த்தாலும் படை! வியட்நாம் போரின்போது அமெரிக்கா தன் விமானதளங்களை அங்கே அமைத்தது. ஏறத்தாழ 50,000 அமெரிக்கப் படையினர் அங்கே தங்கியிருந்த காலமும் உண்டு. டாலர் வந்தது, தளபதிகள் தழைத்தனர். பொதுவுடைமையை ஒடுக்கவென்று 1965 இல் அமைந்த உள்நாட்டுப் பாதுகாப்பு அமைப்பு, பொதுவுடைமைக் கிளர்ச்சி அடங்கிய பின்னும் அடங்கவில்லை. இன்றும் மாவட்டந்தோறும் அதற்குக் கிளை! நோய் போன பின்னும் மருத்துவர் வீட்டைவிட்டுப் போக மறுக்கிறார்.

ஆயினும் இளைஞர் உள்ளம் உறங்கவில்லை. 1973 அக்டோபரில், அரசியல் சட்டம் கேட்ட குற்றத்திற்காகப் பதின்மூவர் சிறைப்பட்டனர். மாணவர் கடலெனத் திரண்டனர். துப்பாக்கி முழங்கியது, 77 பேர் மாண்டனர். ஆனால் தனோம் ஓடினார்! மூன்றாண்டுகள் கழித்து அவர் எந்தக் கோலத்தில் திரும்பினார்? காவி உடையில், துறவியாக! படைத்தலைவனைத் தடுக்கலாம், காவியைத் தடுப்பது எப்படி? எதிர்ப்புச் சுவரொட்டி ஒட்டிய மின்வாரியத் தொழிலாளர் இருவர் கொன்று தொங்கவிடப்பட்டனர். பொதுவுடைமைக்காரரைக் கொல்வது பாவமாகாது என்று பொருள்பட அருளுரை வழங்கினார் பெயர்பெற்ற பிக்கு ஒருவர். எறும்பையும் மிதியாதே என்ற புத்தரின் பெயரால்!

1976 அக்டோபர் 6. பிரீடி 1934 இல் நிறுவிய தம்மசாத் பல்கலைக்கழகம். காவற்படையும், மதவெறியும் மன்னர்பற்றும் ஊட்டி வளர்க்கப்பட்ட கும்பல்களும் உள்ளே பாய்ந்தன. அரசுக் கணக்கே 46 பேர் இறந்ததாகக் கூறுகிறது. உண்மை அதினும் மிகுதி என்பர். மரத்தில் தொங்கிய பிணத்தை ஒருவன் நாற்காலியால் அடிக்கிறான். சுற்றி நிற்போரிலே சிறுவர் முகங்கள். சிரிக்கும் முகமும் உண்டு. உலகம் கண்ட புகைப்படம் அது. அன்று மாலையே படை ஆட்சியைக் கைப்பற்றியது. மன்னரை இழித்துரைக்கும் குற்றத்திற்குத் தண்டனை மூன்று முதல் பதினைந்து ஆண்டு என உயர்ந்ததும் அந்த ஆட்சியிலேதான்.

அந்தச் சிரித்த சிறுவனை நான் மறக்க இயலவில்லை. அவன் கொடியவனாகப் பிறந்தானா? இல்லை. அவனுக்குப் பாடம் சொல்லித் தந்தவர்கள் இருந்தனர்!

1991 இல் மீண்டும் படைப்புரட்சி. தலைமை அமைச்சர் பதவி வேண்டாமென்ற தளபதி சுசிந்தா 1992 இல் அதையே ஏற்றார். எதிர்த்தெழுந்த மக்கள் மீது மே மாதத்திலே துப்பாக்கிச் சூடு. அரசு ஒப்புக்கொண்ட சாவு 52. 2006 செப்டம்பர் 19 இல் மற்றொன்று. அப்போது வீழ்த்தப்பட்ட தக்சின் சினவத்ரா மாசற்றவர் அல்லர். 2003 இல் அவர் நடத்திய போதைப்பொருள் ஒழிப்புப் போரிலே இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதனால்தானோ என்னவோ, தலைநகரின் நடுத்தர மக்கள் டாங்கிகளுக்குப் பூங்கொத்து நீட்டினர். குழந்தைகளை ஏற்றிப் படம் எடுத்தனர். குழந்தைகள் நாளில் கற்ற பாடம் கைகொடுத்தது!

அந்தப் பூமழைக்கிடையே ஓர் ஏழை டாக்சி ஓட்டுநர், அறுபது வயது முதியவர், தம் வாடகைக் காரை டாங்கியின் மீது மோதினார். கொள்கைக்காக எவரும் உயிர் கொடுக்கமாட்டார் என்று படைத்தரப்புப் பேச்சாளர் ஏளனம் செய்தார். அடுத்த திங்களின் இறுதி நாளில் அந்த முதியவர் தம் உயிரை முடித்துக்கொண்டார். அந்த முடிவை நான் போற்றமாட்டேன். உயிரோடிருந்து போராடுவதே அறிவுடைமை. ஆனால் ஓர் ஏழையின் தன்மதிப்பை ஏளனம் செய்வோர்க்கு அதன் எடை தெரியாது என்பதற்கு அவர் சாட்சி.

‘அரசியல்வாதிகள் ஊழல் செய்கிறார்களே, வெள்ளத்தில் உதவ வருபவன் படைவீரன் அன்றோ?’ என்று கேட்போர் உண்டு. உதவ வரும் வீரனை வணங்குவோம். ஆனால் ஊழல் அமைச்சரை அடுத்த தேர்தலில் அகற்றலாம். ஊழல் தளபதியை எந்தத் தேர்தலில் அகற்றுவது? 1932 க்குப் பின் வெற்றிபெற்ற படைப்புரட்சிகள் பன்னிரண்டு. அரசியல் சட்டங்கள் இருபது. ஊழல் ஒழிந்ததா? 1973 க்கும் 1976 க்கும் 1992 க்கும், தொண்ணூறு உயிர்களுக்கு மேல் குடித்த 2010 க்கும் பொறுப்பாளியென்று ஒரு தளபதியேனும் சிறை புகுந்ததுண்டா? இல்லை! மாறாக, 1991 இல் புரட்சி நடத்திய தளபதியின் மகன் 2018 இல் தரைப்படைத் தலைவரானார். 2019 இல், படைச் செலவைக் குறைக்கவேண்டுமென்று அரசியல்வாதிகள் பேசியபோது, எதிராளிகளை ‘மண்ணுக்குப் பாரம்’ என்று வசைபாடும் 1970 களின் பாடலைக் கேட்கச் சொன்னார் அவர்! அரசு பரம்பரை போய், புரட்சியும் பரம்பரைத் தொழிலாயிற்று.

படைக்குள்ளேயாவது நீதி உண்டா? 1954 ஆம் ஆண்டுச் சட்டப்படி, 21 வயது இளைஞன் ஏப்ரல் திங்களில் சீட்டு எடுக்கவேண்டும். கறுப்புச் சீட்டென்றால் வீடு. சிவப்புச் சீட்டென்றால் ஈராண்டு படைவாழ்வு. பள்ளியிலேயே மூன்றாண்டு பயிற்சி முடித்தவனுக்கு விலக்கு உண்டு. மேல்வகுப்பு வரை படிக்க வசதியற்ற உழவன் மகனோ குலுக்கலுக்கு நிற்கிறான். நாட்டைக் காக்கச் சென்றவன் அதிகாரி வீட்டில் எடுபிடியாகிறான் என்பது நெடுநாள் முறையீடு. 2020 பிப்ரவரியில் நகோன் ராட்சசீமாவில் ஒரு படைவீரன் 29 பேரைக் கொன்றான். மேலதிகாரியின் உறவினரோடு ஏற்பட்ட வீட்டு விற்பனைத் தகராறு அதன் தொடக்கம். அந்தக் கொலைக்கு மன்னிப்பில்லை. எனினும் முகாமுக்குள்ளே நடக்கும் வாணிகம் எத்தகையது என்பதை நாடு அன்று கண்டது.

2014 மே 22. தளபதி பிரயுத் ஆட்சியைப் பிடித்தார். மக்களுக்கு மகிழ்ச்சியைத் திருப்பித் தருவதாகப் பாட்டு வெளியிட்டார்! மறுப்போர் ‘மனப்போக்குத் திருத்தத்துக்கு’ முகாமுக்கு அழைக்கப்பட்டனர். மூன்று விரல் உயர்த்தியவர் கைது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு நற்பண்புகள் ஒப்பிக்கும் பாடமாயின. பிபூனுக்குப் பன்னிரண்டு ஆணை. பிரயுத்துக்குப் பன்னிரண்டு பண்பு! 2017 இல் வந்த அரசியல் சட்டம் அவருடைய ஆணைகளையெல்லாம் செல்லும் என்றது. 250 மேலவையினரைப் படையாட்சியே அமர்த்தி, ஐந்தாண்டுகள் தலைமை அமைச்சரைத் தேர்வதிலும் பங்கு தந்தது. 2019 தேர்தலுக்குப் பின்னும் பிரயுத்தே தலைமை அமைச்சர்! 2023 மே தேர்தலில், கட்டாயப் படைச்சேவையை ஒழிப்போம் என்ற ‘முன்னேறு’ கட்சிக்கு 500 இல் 151 இடம் தந்து முதலிடத்தில் வைத்தனர் மக்கள். மேலவை தடுத்தது, 2024 ஆகஸ்டில் வழக்குமன்றம் அந்தக் கட்சியையே கலைத்தது.

1932 இன் பித்தளைத் தகடு என்னவாயிற்று? 2017 ஏப்ரலில் காணாமற்போயிற்று! 1933 இன் முடியாட்சிக் கலகத்தை வென்றதற்கு எழுப்பிய நினைவுத்தூண் 2018 டிசம்பரில் ஓர் இரவில் மறைந்தது. கல்லைக்கூட விட்டுவைக்க அஞ்சுகிறது ஆதிக்கம். ஏன்? கல் பேசும், ‘ஒரு முறை நடந்தது, மறுமுறையும் நடக்கும்’ என்று பேசும்!

தகட்டைப் பெயர்த்தனர்; தலைகளைப் பெயர்க்க இயலவில்லை. 2020 ஆகஸ்ட். பள்ளி முற்றங்களில் காலை எட்டு மணிக்கு அதே பண், அதே கொடி, அசையாது நின்ற அதே வரிசை. அந்த வரிசையிலே சிறு கைகள் உயர்ந்தன, மூன்று விரல் காட்டி! புத்தகப் பைகளிலே வெள்ளை நாடா. அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று என்ன? தலைமுடி உரிமை! சிரிக்க வேண்டாம், தோழர்களே. மாணவன் ஒட்ட வெட்டவேண்டும், மாணவி காதளவு வெட்டவேண்டும் என்பது 1972 இல் படையாட்சி இட்ட ஆணையில் பிறந்த விதி. ஆட்சி மாறியது; தளபதி மாறினார்; கத்தரிக்கோல் மாறவில்லை! அதை ஏந்தியவர் யார்? படைவீரர் அல்லர், ஆசிரியர்! 1975 இல் கல்வி அமைச்சகம் வகுத்த அந்த விதியை 2025 மார்ச்சில் உச்ச நிர்வாக நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியது. அரை நூற்றாண்டு கழித்து, பிள்ளையின் தலை பிள்ளைக்கே சொந்தமாயிற்று.

இந்த இடத்திலேதான் ஆசிரியனாகிய நான் தலைகுனிகிறேன். டாங்கியை ஓட்டத் தளபதிக்குச் சில ஆயிரம் வீரர் போதும். ஒரு நாட்டைப் பணியவைக்க அவனுக்கு இலட்சக்கணக்கான ஆசிரியர் வேண்டும். ‘கேள்வி கேளாதே, வரிசையில் நில்’ என்று அன்றாடம் சொல்லும் நம் குரல்தான் அவனுடைய முதற்படை. அந்தக் குரல் எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

ஜனவரித் திங்கள் மீண்டும் வரும். இரண்டாம் சனிக்கிழமையும் வரும். டாங்கி துடைத்துப் பளபளப்பாக நிற்கும். ஏறட்டும் குழந்தை! ஆனால் இறங்கியதும், ‘அப்பா, இது யாரைச் சுட்டது?’ என்று கேட்கட்டும். அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவைப் பிள்ளைக்குத் தருவதே கல்வி. அந்தக் கேள்விக்கு உண்மையான விடை சொல்லும் துணிவைத் தந்தைக்குத் தருவதே மக்களாட்சி.